இழுக்குது, எரியுது, கழுத்தில் பொரியுது: சேப்டி றேசர் பழகும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நின்று படிக்கிற பெறாமகன் போன வருடம் ஒற்றைப் பிளேட் பூட்டி வழிக்கிற சேப்டி றேசர் ஒன்று வாங்கினான். இரண்டு கிழமைக்குள் மூன்று வகை பிளேட், இரண்டு வகை சவரக் கிறீம், ஒரு ஆஃப்டர்ஷேவ் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கழுத்து முழுக்கச் சிவந்துபோய் என் முன்னால் வந்து நின்றான். “சித்தப்பா, எனக்கு இது ஒத்துவராது போல கிடக்கு.”

அவனுக்கு நன்றாகவே ஒத்துவந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான் பிழை. எதனால் கோளாறு என்று பிடிபட வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை மூன்று சவரத்துக்காவது அப்படியே வைத்திருங்கள். இன்னொன்று, நோகிற இடமும் பிழை நடந்த இடமும் பல நேரம் ஒன்றாக இருக்காது. கழுத்து எரியும், காரணம் நுரையில் இருக்கும். நாடியில் இரத்தம் வரும், காரணம் பிளேட்டைப் பூட்டிய விதத்தில் இருக்கும்.

முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். அமெரிக்காவில் கிங் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றைக்கும் அடிப்படையில் அதேதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள உருக்குத் தகடு. மேலே ஒரு மூடி, கீழே ஒரு தட்டு. இரண்டும் சேர்ந்து பிளேட்டை வளைத்து இறுக்கிப் பிடிக்கின்றன. தட்டின் ஓரத்தில் உள்ள விளிம்பு தோலைக் காக்கிற வேலி. அந்த விளிம்புக்கும் பிளேட்டின் கூருக்கும் நடுவில் சின்ன இடைவெளி உண்டு. நீங்கள் அழுத்தினால் தோல் அந்த இடைவெளிக்குள் பிதுங்கும். பிதுங்கிய தோலை பிளேட் சீவும். தலையையே கழற்றி மாற்றுகிற கார்ட்ரிஜ் றேசரில் தலை முகத்தோடு சேர்ந்து திரும்பும், அழுத்தத்தையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இதில் தலை திரும்பாது. கோணம், பாரம் இரண்டையும் கைதான் பார்க்க வேண்டும். பத்து வருடம் கார்ட்ரிஜ் பிடித்த கை அழுத்தியே பழகியிருக்கும். அதை மறக்க மூன்று, நான்கு கிழமை போகும்.

பிளேட் இழுக்குது

மயிரை வெட்டாமல் பிடுங்குவது போல இருக்கிறதா? உடனே பிளேட்டைக் குறை சொல்ல வேண்டாம். புதுப் பிளேட் என்றால் அது காரணமாக இருப்பது அருமை.

தாடி மயிர் தண்ணீரை உறிஞ்சினால்தான் மெதுமையாகும். அதற்கு இரண்டு, மூன்று நிமிடம் வேண்டும். அதனால் குளித்து முடிந்த கையோடு சவரம் செய்வது நல்லது. குளிக்க நேரமில்லை என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துவாயை ஒரு நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். பிறகு நுரையைப் பூசி, இன்னும் ஒரு நிமிடம் பிரஷ்ஷைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். அவசரக்காரர்கள் விடுகிற நிமிடம் இதுதான்.

இதைச் செய்தும் இழுத்தால் கோணத்தைப் பாருங்கள். றேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். அப்போது கைபிடி முகத்துக்கு நேரே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளேட் தோலில் படாது. இனிக் கைபிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சின்னச் சின்னதாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மணல் தாள் உரசுவது போல மெல்லிய சத்தம் கேட்கும். பிளேட் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகையில் நிற்கிற இடம் அது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். அது கேட்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிற்பாட்டுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் கஷ்டம்தான், தெரியும். ஆனால் விசிறிக் காற்று நுரையையும் காயவைக்கும். இரண்டு காரணத்துக்காகவும் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

அப்படியும் இழுத்தால் மட்டும் பிளேட்டை மாற்றுங்கள். ஒரு பிளேட் மூன்று முதல் ஏழு சவரம் வரை வரும். தடித்த தாடிக்கு மூன்றோடு நிறுத்துவது நல்லது. பிளேட்டை மிச்சம் பிடிக்கப் பார்த்து முகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கார்ட்ரிஜ் விலையோடு பார்த்தால் ஒரு பிளேட்டின் விலை ஒன்றுமே இல்லை. பயன்படுத்திய பிளேட்டைத் துவாயால் துடைக்கவும் வேண்டாம். கூர் அதிலேயே போய்விடும், விரலும் போகலாம்.

நுரை நிற்குதில்லை

பூசும்போது நன்றாக இருக்கும், ஒரு கன்னம் முடிவதற்குள் காய்ந்து வெள்ளைத் தோலாக ஒட்டிக்கொள்ளும். அல்லது பெரிய பெரிய குமிழியாக வந்து உடைந்துபோகும். இரண்டும் வேறு வேறு கோளாறு.

காய்ந்துபோனால் தண்ணீர் போதவில்லை. குமிழியாக வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது சவர்க்காரம் குறைந்துவிட்டது. டியூப் கிறீம் என்றால் இரண்டு கச்சான் பருப்பளவு எடுங்கள். பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறிவிட்டுத் தொடங்குங்கள். பிறகு சில துளி, சில துளியாகத் தண்ணீர் சேர்த்து அடியுங்கள். சரியான நுரை எருமைத் தயிரைக் கரண்டியால் அடித்த மாதிரி இருக்கும்: மினுமினுப்பு இருக்கும், குமிழி கண்ணுக்குத் தெரியாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். உயரமாகப் பொங்குவது முக்கியமில்லை, வழுக்குவதுதான் முக்கியம்.

குளிக்கிற சவர்க்காரத்தைக் கோப்பையில் அடித்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் கனபேர். சவரத்துக்கென்று செய்கிற சவர்க்காரத்தில் ஸ்டியரிக் அமிலம் கூடுதலாக இருக்கும். சோடியத்தோடு பொட்டாசியம் காரத்தையும் சேர்த்துச் செய்வார்கள். நுரை அடர்த்தியாக, நீண்ட நேரம் நிற்பது அதனால்தான்.

இனி, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்று நீரும் குளத்து நீரும்: களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிப்பது, லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. மென்னீர், நுரை உடனே எழும்பும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து தயிர் திரிந்த மாதிரி அழுக்காகப் படியும். நுரைக்குச் சவர்க்காரமே மிஞ்சாது. திருவிழாவுக்கு ஊருக்குப் போய் நின்றபோது, இங்கே நன்றாக வேலை செய்த அதே கிறீம் கோப்பையில் சாம்பல் நிறத் தண்ணீராக நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு இது விளங்கியது. பழுது கிறீமில் இல்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் காரணம். அதனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேலாக ஊற்றி எடுத்தால் கடினம் நன்றாகக் குறையும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது. நுரை அடிக்கத் தேவைப்படுவது நான்கைந்து மேசைக்கரண்டிதான், ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கலாம். முகம் கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும். கொழும்பிலும் குழாய்க் கிணற்று நீர் வருகிற தொடர்மாடி என்றால் இதையே செய்து பாருங்கள்.

பன்றிமயிர் பிரஷ் என்றால் நுரை அடிக்க முன்னர் ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவேண்டும். சிந்தெற்றிக் பிரஷ்ஷுக்கு ஊறல் வேண்டாம், கெதியாகக் காயும். இந்த ஊர் ஈரக்காற்றுக்கு நான் சிந்தெற்றிக்கைத்தான் சொல்வேன். பன்றிமயிர் வேண்டாத வீடுகளுக்கும் அதுதான் வழி.

வழித்து முடிய எரியுது

இதைக் கண்டுபிடிக்க நல்ல கருவி படிகாரக் கட்டி. சலூனில் வழித்து முடிந்ததும் நனைத்துத் தேய்ப்பார்களே, அது. சவரம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவி, ஈரப் படிகாரத்தை மெல்ல ஓட்டுங்கள். எந்த இடத்தில் சுள்ளென்று கடிக்கிறதோ அந்த இடத்தில் அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது நுரையில்லாத தோலில் திருப்பித் திருப்பி இழுத்திருக்கிறீர்கள். பெறாமகனுக்கு ஒவ்வொரு முறையும் வலது தாடை எலும்பின் கீழேதான் கடித்தது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பாட்டிப் பார்த்தேன். கன்னத்தில் மூன்று விரலால் பிடிக்கிறவன், தாடைக்கு வந்ததும் தன்னை அறியாமலே முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்தான். கைபிடியின் நுனியை மட்டும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலால் பிடிக்கச் சொன்னேன். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது, றேசரின் பாரம் மட்டும்தான் இறங்கும். நான்காவது நாள் படிகாரம் கடிக்கவில்லை.

படிகாரத்தை ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் தோல் வறளும்.

வழித்த இடத்தையே நுரையில்லாமல் “இன்னும் ஒருக்கால்” என்று இழுப்பது அடுத்த காரணம். ஒரு மயிர் நின்றாலும் திரும்ப நுரை பூசிவிட்டுத்தான் றேசர் படவேண்டும். முதல் மாதம் ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். கொஞ்சம் சொரசொரப்பு நிற்கும், நிற்கட்டும்.

சவரம் சரி, ஆனாலும் எரிகிறது என்றால் அதன் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலை 7 மணிக்கு வழித்துவிட்டு, மதுசாரம் கலந்த ஆஃப்டர்ஷேவ் பூசிக்கொண்டு, காலி வீதியில் நெரிசல் பஸ்ஸில் வியர்த்துக் கொட்டி நின்றால், புதுத் தோலில் உப்பு படும், யாருக்கும் எரியும். சவரத்தை இரவுக்கு மாற்றுங்கள். இரவு முழுக்கத் தோலுக்கு ஆறுதல் கிடைக்கும். காலையில் முகம் அலுவலகத்துக்குப் போகிற அளவுக்கு நன்றாகவே இருக்கும். தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. நான் இப்படி மாற்றிய பிறகு காலைச் சவரத்துக்குத் திரும்பவே இல்லை.

இரத்தம் வருது

ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வந்தால் அது அழுத்தம். மேலே சொன்னதைப் பாருங்கள். நீளமாக வெட்டினால் றேசர் பக்கவாட்டில் வழுக்கியிருக்கிறது, அல்லது நாடி, குரல்வளை போன்ற மேடுகளில் நீளமாக இழுத்திருக்கிறீர்கள். அந்த இடங்களில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். குரல்வளை மேட்டுத் தோலை ஒரு பக்கமாக நகர்த்தித் தட்டையாக்கிக்கொண்டு வழியுங்கள்.

எப்போதும் றேசரின் ஒரே பக்கம்தான் வெட்டுகிறது என்றால் பிளேட் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. மூன்று துண்டாகக் கழலும் றேசரில் இது அடிக்கடி நடக்கும். மூடியைக் குப்புறப் பிடித்து, அதன் மேல் பிளேட்டையும் தட்டையும் வையுங்கள். கூரில்லாத இரண்டு கட்டை ஓரத்திலும் விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டே கைபிடியைத் திருகுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள், பத்து வினாடி வேலை.

காயத்தைச் சுத்தமான துணியால் ஒரு நிமிடம் அமத்திப் பிடியுங்கள், பிறகு படிகாரம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவர்கள் சேப்டி றேசரைத் தொடங்க முன்னர் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. றேசரையோ பிளேட்டையோ இன்னொருவரோடு பகிர வேண்டாம், அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி. ஈரல் அழற்சி பி போன்ற தொற்றுகள் இரத்தம் பட்ட கூரால் பரவும். படிகாரக் கட்டிக்கும் இது பொருந்தும்.

கழுத்தில் பொரிப்பொரியாக வருது

இதற்காகத்தான் கனபேர் றேசரையே மூலையில் போடுகிறார்கள். நம் தோலுக்கு இது இன்னொரு வகையிலும் பிரச்சினை: பொரி ஆறினாலும் அந்த இடத்தில் கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வராமல் பார்ப்பதில் நேரம் செலவழியுங்கள்.

நடப்பது இதுதான். சுருண்ட மயிரைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டினால், அது திரும்ப வளரும்போது வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை முள்ளாக நினைத்து வீங்குகிறது. தோலை இறுக்கி இழுத்துப் பிடித்து, மயிர் வளரும் திசைக்கு எதிராக வழித்தால் இது நடக்கிற வாய்ப்புக் கூடும்.

“நான் எதிராக வழிக்கவில்லையே, மேலிருந்து கீழேதானே இழுக்கிறேன்” என்பார்கள். அங்கேதான் சிக்கல். கன்னத்தில் மயிர் கீழ்நோக்கி வளரும், சரி. கழுத்தில் அப்படி என்று நினைக்க வேண்டாம். கனபேருக்குக் கழுத்தின் அடியில் மயிர் மேல்நோக்கி வளரும். சிலருக்குப் பக்கவாட்டாக வளரும். சிலருக்கு உச்சந்தலைச் சுழி போல ஒரு சுழியே இருக்கும். அந்த இடத்தில் மேலிருந்து கீழே இழுப்பதுதான் எதிர்ச்சவரம்.

இரண்டு நாள் சவரம் செய்யாமல் விடுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் நின்று, விரல் நுனியால் கழுத்தை மேலே, கீழே, இடம், வலம் என்று தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவும்போது வழுவழுப்பாகப் போகிறதோ அது மயிர் வளரும் திசை. எதிர்த்துக் குத்தினால் எதிர்த் திசை. ஒரு கடதாசியில் முகத்தையும் கழுத்தையும் கோடாகக் கீறி, இடத்துக்கு இடம் அம்புக்குறி போடுங்கள். பெறாமகனுக்கு இதைச் செய்தபோது, வலது கழுத்தில் மயிர் காதுப் பக்கமாக ஏறிப்போவதும், இடது கழுத்தில் குரல்வளைப் பக்கமாகப் படுத்திருப்பதும் தெரிந்தது. அவன் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே வழித்துக்கொண்டிருந்தான். அந்தக் கடதாசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான். ஒரு மாதம் அதைப் பார்த்துத்தான் வழித்தான். வலது கழுத்தை வழிக்கத் தலையைச் சாய்த்து, றேசரைக் கிடையாகப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் கை திணறியது, பிறகு பழகிவிட்டது.

கழுத்துக்கு அம்புக்குறி வழியே ஒரு சுற்று. முகம் முழுவதும் அமைதியான பிறகு, வேண்டுமானால் குறுக்கே ஒரு சுற்று. கழுத்தில் எதிராக வழிப்பதை விட்டுவிடுங்கள், சுருள்மயிர்க்காரர்கள் என்றைக்குமே விட்டுவிடுவது நல்லது. கழுத்து தடவும்போது கன்னம் போல வழுவழுப்பாக இருக்காது. அதைப் பார்க்கப்போகிறவர் யாருமில்லை.

ஏற்கெனவே பொரிகள் வந்திருந்தால், அவை அடங்கும்வரை கழுத்தில் றேசர் வேண்டாம். இரண்டு, மூன்று கிழமைக்குத் தோலை ஒட்டாமல் டிரிமரால் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஊசியால் கிண்டாதீர்கள், நகத்தால் கிள்ளாதீர்கள். கறுப்பு அடையாளம் ஆழமாவது அதனால்தான். இளஞ்சூட்டு ஈரத்துணியை வைத்து எடுத்தால் போதும். அலுவலகத்தில் தாடி கூடாது என்றால் நிலைமையைச் சொல்லி அந்தக் கிழமைகளுக்கு அனுமதி கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. சீழ் கட்டினால், நோவு பரவினால், வட்டமாகப் படர்ந்து சொறிந்தால் அது றேசர் விஷயமில்லை. தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். வட்டமாகப் படர்வது பூஞ்சணமாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

மூக்குக்குக் கீழே வழிபடுதில்லை

மேலுதட்டைப் பல்லின் மேல் இறக்கித் தோலைத் தட்டையாக்கி, நடுவிலிருந்து பக்கத்துக்குச் சின்னதாக வழியுங்கள். மூக்கு நுனியை விரலால் கொஞ்சம் தூக்கினால் இடம் கிடைக்கும். ஒரு கன்னம் மட்டும் சொரசொரப்பாக நின்றால், கை எட்டாத பக்கத்தில் கோணம் மாறுகிறது. கையை மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.

றேசரில் துரு, வெள்ளைப் படிவு

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் குளியலறை ஈரமும் சேர்ந்து பிளேட்டின் ஓரத்தில் செம்புள்ளி போட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் பிளேட்டுக்கும் இது நடக்கும். சவரம் முடிந்ததும் திருகைக் கொஞ்சம் தளர்த்திக் குழாயின் கீழ் கழுவி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றுப் படுகிற இடத்தில் நிற்பாட்டி வையுங்கள். பிரஷ்ஷையும் உதறி, மயிர் கீழ்நோக்கி இருக்கத் தொங்கவிடுங்கள் அல்லது வெளியே நிற்பாட்டுங்கள்; ஈரத்தோடு அலுமாரிக்குள் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் படிவை பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பற்தூரிகையும் கொண்டு தேய்த்தால் போகும். ஓர் எச்சரிக்கை: விலை குறைந்த றேசர்களின் தலை பெரும்பாலும் நாகக் கலப்புலோகத்தின் மேல் குரோமியம் பூசியது. கொதிநீரில் அவிக்கவோ வெளிற்றும் திரவத்தில் ஊறவைக்கவோ வேண்டாம், பூச்சு உரிந்துவிடும்.

விமானத்தில் புறப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிளேட்டைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். பிளேட்டை விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.

பழைய பிளேட்டை எங்கே போடுறது

குப்பைப் பைக்குள் வெறுமனே போட வேண்டாம். அந்தப் பையை விடியப்புறம் கையால் தூக்குகிற ஒருவர் இருக்கிறார். டின்பால் பேணி ஒன்றை எடுங்கள். மூடியை முழுதாக வெட்டாமல் இரண்டு ஓட்டை போட்டுப் பாலை ஊற்றிய பேணி என்றால் நல்லது. கழுவிக் காயவைத்து, மேலே பிளேட் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போடுங்கள். உள்ளே விழுந்த பிளேட் வெளியே வராது. நிறைந்ததும் ஓட்டைகளையும் கீறலையும் டேப்பால் ஒட்டி, மேலே “பிளேட்” என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி, குப்பை வண்டிக்காரரின் கையில் சொல்லிக் கொடுங்கள். எங்கள் பேணி போன ஆவணியில் தொடங்கியது, இன்னும் பாதிகூட நிறையவில்லை.